ட்ரெய்னருக்கு முன்னாடி ஃபேன் வாங்குங்க



இந்த வார எபிசோட்ல இன்டோர் சைக்கிள் ட்ரெய்னர் பத்திப் பேசினோம். மைக் முன்னாடி கூட்டல் பெருக்கல் போட்டா கேக்குறவங்க தூங்கிடுவாங்கங்கிறதால, கணக்குப் பகுதியை மட்டும் இந்த மடலுக்குன்னு எடுத்து வச்சேன். கூடவே என் அபிப்பிராயமும் இருக்கு. சண்டை போடணும்னா ரிப்ளை பண்ணுங்க.

முதல்ல ஒரு விஷயம். நாம பாக்குற ட்ரெய்னர் ரிவ்யூ எல்லாமே குளிர் ஊர்க்காரங்க செஞ்சது. அவங்களுக்கு ட்ரெய்னர்ங்கிறது பனி பெய்யும்போது கராஜ்ல ஓட்டுற சாமான். கராஜே பத்து டிகிரில இருக்கும். ஓட்டுறவர் முதல் அஞ்சு நிமிஷம் ஜாக்கெட்டோட உக்காந்திருப்பார். நமக்கு கதை தலைகீழ். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வெளிய ஓட்டலாம், அதுவும் ராஜா மாதிரி. துபாய்ல அல் குத்ரா ட்ராக் மட்டுமே 80 கிலோமீட்டருக்கு மேல. நாத் அல் ஷெபா இருக்கு. அபுதாபில அல் வத்பா, ஹுதைரியாத் தீவு. தோஹாவுல 2020ல திறந்த ட்ராக் 33 கிலோமீட்டர் நீளம். அபுதாபிக்கு உலக சைக்கிள் சம்மேளனம் 2021ல ‘பைக் சிட்டி’ பட்டமே குடுத்துச்சு.

மே மாசம் வந்ததும் இதெல்லாம் அதிகாலை நாலு மணிக்கு எழுந்திரிக்கிறவங்களுக்கு மட்டுமான ஊரா மாறிடும். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30ல இருந்து 3 மணி வரை நேர் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு யுஏஇல சட்டமே இருக்கு. (அந்த நேரத்துலயும் பிரியாணி வேணும்னு ஆர்டர் போடுறது நாமதான். வெளியில பைக்ல வர்ற டெலிவரி அண்ணனை நினைச்சுக்கிட்டு ஏசி ரூம்ல பெடல் மிதிக்கிறதுல ஒரு உறுத்தல் இருக்கு. இருக்கட்டும்.) ஆக நமக்கு ட்ரெய்னர் ஒரு கோடைக்காலச் சாமான். வருஷத்துக்கு அஞ்சாறு மாசம் உழைக்கும், மத்த நாள்ல மூலையில கிடக்கும், அதுமேல துண்டு காயும். எதை வாங்குறது, எவ்வளவு குடுக்கிறது, எங்க வைக்கிறதுன்னு எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

சூட்டுக் கணக்கு

நீங்க பெடல்ல 150 வாட் குடுக்குறீங்கன்னு வச்சுக்கோங்க. புதுசா ஆரம்பிக்கிற ஒருத்தர் மூச்சு வாங்கி ஓட்டுற அளவு அது. மனுஷ உடம்போட திறன் 20ல இருந்து 25 சதவீதம்தான். அதாவது 150 வாட் பெடலுக்குப் போகணும்னா இன்னொரு 450ல இருந்து 600 வாட் உடம்புக்குள்ள சூடா மாறுது. பெடலுக்குப் போன 150 வாட்டையும் ட்ரெய்னர் சூடாக்கித்தான் ரூமுக்குள்ள விடும், அதுக்கு வேற வழி இல்ல. மொத்தத்துல ஒரு பெட்ரூம்ல 600, 700 வாட் ஹீட்டர் ஓடுது, அந்த ஹீட்டர் நீங்க.

‘ஏசிதான் இருக்கே’ம்பீங்க. சரி, 1.5 டன் ஏசி கிட்டத்தட்ட 5,200 வாட் சூட்டை வெளியேத்தும். ரூமை அது சமாளிச்சிடும். ஆனா உங்க தோலை ஏசியால சமாளிக்க முடியாது. ரோட்டுல 30 கிலோமீட்டர் வேகத்துல போறப்போ 30 கிலோமீட்டர் வேகக் காத்து உங்க மேல அடிக்குது. வீட்டுக்குள்ள நீங்க அசையாம உக்காந்திருக்கீங்க, அதனால தோலை ஒட்டி ஈரமான சூடான காத்து ஒரு போர்வை மாதிரி நின்னுடும். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா கிட்டத்தட்ட 670 வாட்-மணி சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். அதே வியர்வை மேட்டுல சொட்டினா ஒண்ணுத்தையும் எடுத்துக்கிட்டுப் போகாது. அதனாலதான் இன்டோர்ல 20 நிமிஷத்துக்கு மேல, அதே வாட்ஸுக்கு இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கிட்டே போறதைப் பாக்குறீங்க. ரத்தம் காலுக்கும் போகணும், சூட்டை வெளிய விட தோலுக்கும் போகணும். இதயத்துக்கு ரெட்டை வேலை.

அதனால என் முதல் சிபாரிசு ட்ரெய்னரே இல்ல. நல்ல பெடஸ்டல் ஃபேன் ஒண்ணு, பெரிய இறக்கை உள்ளது, நேரா நெஞ்சையும் முகத்தையும் பாக்குற மாதிரி. ட்ரெய்னர் விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகாது. 1,500 திர்ஹம் மெஷினும் ஃபேனும் வச்சிருக்கிறவர், 4,000 திர்ஹம் மெஷினை ஃபேன் இல்லாம ஓட்டுறவரை விட அதிக நேரம் ஓட்டுவார். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ரெண்டு ஃபேன் வச்சா இன்னும் நல்லது.

பால்கனி பத்தி நிறைய பேர் கேட்டீங்க. வேண்டாம். ஜூலை ராத்திரி பத்து மணிக்குக் கடல் பக்கத்து ஈரக்காத்துல வியர்வை ஆவியாகவே இடம் இருக்காது, அது நமக்குத் தெரிஞ்சதுதான். மெஷினோட எலக்ட்ரானிக்ஸுக்கும் அந்த வெயில் ஆகாது.

இன்னொண்ணு, யாரும் சொல்றது இல்ல: வியர்வை உப்பு. வெளிய ஓட்டும்போது அது காத்துல போயிடும். உள்ள ஓட்டும்போது நேரா ஹேண்டில்பார் மேலயும், ஹெட்செட் மேலயும், ஸ்டெம் போல்ட் மேலயும் சொட்டும். ஹேண்டில் டேப்புக்கு அடியில அலுமினியமே அரிச்சுப் போற அளவுக்கு உப்பு வேலை பாக்கும். ஹேண்டில் மேல ஒரு பழைய துண்டு போடுங்க, முடிச்சதும் ஈரத்துணியால துடைங்க. அம்மா கிட்ட கேட்டா நாலு பழைய துண்டு கிடைக்கும்.

எதுக்குக் காசு குடுக்குறோம்

இப்போ மெஷின். மூணு சாதி இருக்கு.

பின்சக்கரத்தை அப்படியே ஒரு உருளை மேல உக்கார வைக்கிறது ஒண்ணு, வீல்-ஆன்ம்பாங்க. இதுலயே காந்தத்துல எதிர்ப்பு குடுக்கிறது உண்டு, எண்ணெய்க்குள்ள ஒரு விசிறி சுத்துற ஃப்ளூயிட் வகை உண்டு. காந்த வகைக்கு ஒரு லீவர் இருக்கும், கையால மாத்தணும். ஃப்ளூயிட் வகைல வேகம் கூடக் கூட எதிர்ப்பும் தானா கூடும், அதனால ரோடு மாதிரியே இருக்கும். ஆனா ஓட்ட ஓட்ட எண்ணெய் சூடாகும், எதிர்ப்பும் கொஞ்சம் நழுவும். ரெண்டாவது வகை, பின்சக்கரத்தைக் கழட்டிட்டு செயினை நேரா மெஷின்லயே மாட்டுற டைரக்ட் டிரைவ். போன்ல இருந்து கட்டளை வாங்கி மேடு வந்தா தானே இறுக்குற ஸ்மார்ட் மெஷின்கள்ல இப்போ பெரும்பாலும் இந்த வகைதான். மூணாவது, சைக்கிளே வேண்டாம், தனியா நிக்கிற ஸ்பின் பைக். இதுக்குக் கடைசில வர்றேன், என் கட்சி அங்கதான் இருக்கு.

விலை எப்படிச் சரிஞ்சிருக்குன்னு பாருங்க. வாஹூ கம்பெனியோட முதல் கிக்கர் 2012ல வந்தப்போ 1,099 டாலர். நம்ம திர்ஹம் 1997ல இருந்து டாலருக்கு 3.6725ன்னு கட்டிப் போட்டிருக்கிறதால கணக்கு சுலபம்: 4,000 திர்ஹமுக்குக் கொஞ்சம் மேல. ஸ்விஃப்ட் கம்பெனி 2022ல சொந்தமா ஹப்னு ஒண்ணை 499 டாலருக்கு இறக்கினதும் மொத்த மார்க்கெட்டும் ஆடிப் போச்சு. வாஹூ பேட்டன்ட் கேஸ் போட்டு, 2023ல ரெண்டு பேரும் சமாதானம் ஆகி, அப்புறம் ஸ்விஃப்ட் தன் மெஷினை நிறுத்திட்டு வாஹூ மெஷினையே வித்தது தனி சீரியல். 2024ல ஜெட்பிளாக் விக்டரி 399 டாலருக்கு வந்துச்சு, சுமார் 1,465 திர்ஹம். கப்பல் செலவு, 5 சதவீதம் வாட், கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து இங்க விலை கூடத்தான் இருக்கும். ஆனாலும் 12 வருஷத்துல மூணுல ஒரு பங்கு சொச்சத்துக்கு வந்திருக்கு.

கூடுதல் காசு குடுத்தா என்ன கிடைக்கும்? முக்கியமா துல்லியம். விலை கூடின மெஷின் ஒரு சதவீதம் முன்னப்பின்ன காட்டும், மலிவானது ரெண்டு, ரெண்டரை சதவீதம். 150 வாட்ல ரெண்டரை சதவீதம்னா நாலு வாட்டுக்கும் கம்மி. ஒரு சாயா குடிச்சிட்டு ஏறினா அதுக்கு மேல வித்தியாசம் வரும். ரேஸ் ஓட்டாதவங்க இதுக்குக் காசு குடுக்கிறது வீண். அடுத்தது மேடு. டெகாத்லானோட வான் ரைசல் டி100 மாதிரி அடிமட்ட மெஷின் 600 வாட், 6 சதவீத ஏற்றம் வரைக்கும் காட்டும். மேல போனா 1,800 வாட், 16 சதவீதம். அல் ஐன் பக்கத்து ஜெபல் ஹஃபீத் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 7 சதவீதத்தை ஒட்டி, சில இடத்துல 10ஐத் தாண்டும். யுஏஇ டூர்ல போகாச்சர் பறக்கிற மலை. அடிமட்ட மெஷின்ல அந்த மலையோட முழுக் கொடுமை தெரியாது. ஆனா கேளுங்க, கியரை ஒரு பல் இறக்கிட்டா காலுக்கு அதே வலிதான்.

காசு குடுக்க வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணு இருக்குன்னா அது சத்தம். நம்ம ஊர் பில்டிங் எல்லாம் டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம். ரூமுக்குள்ள கேக்குற சத்தத்தை விட, தரை வழியா கீழ இறங்குற அதிர்வுதான் வில்லங்கம். கார்ப்பெட்ல வைக்கிறது பத்தாது, கெட்டியான ரப்பர் மேட் வேணும், அதுக்கு அடியில குழந்தைங்க விளையாடுற ஃபோம் பசல் மேட் இன்னொரு அடுக்கு. வீல்-ஆன் மெஷின்ல டயர் உருளுற சத்தம் எப்பவும் இருக்கும், அதுவும் முள்ளு முள்ளா இருக்கிற மவுண்டன் பைக் டயர்னா மிக்ஸி ஓடுற மாதிரி. ஷிஃப்ட் டூட்டி முடிச்சு கீழ் ஃபிளாட்ல தூங்குறவர் முதல்ல வாட்ச்மேன் கிட்ட போவார், அப்புறம் ரியல் எஸ்டேட் ஆபீஸுக்குப் போவார். அதனால ஃபிளாட்ல ராத்திரி ஓட்டுறதா இருந்தா டைரக்ட் டிரைவ். கீழ பார்க்கிங் மட்டும் இருக்கிற முதல் மாடின்னா, பழைய வீல்-ஆனே தாராளம்.

இன்னொரு சிக்கல், நம்மள்ல பல பேர் வீட்டுல இருக்கிற சைக்கிள். ஹைப்பர்மார்க்கெட்ல ஆஃபர்ல வாங்கின 26 இன்ச் மவுண்டன் பைக், 7 கியர். அதோட பின் அச்சு பெரும்பாலும் நட்டு போட்டு முடுக்கினது. வீல்-ஆன் மெஷின் கேக்குறது குவிக் ரிலீஸ் அச்சு. டைரக்ட் டிரைவ் மெஷின்ல ஏத்துறது 8ல இருந்து மேல உள்ள கேசட். உங்க சைக்கிள்ல திருகி மாட்டின ஃப்ரீவீல் இருந்தா அதை அங்க மாத்த முடியாது, தனியா கேசட் வாங்கணும். 20 இன்ச் மடிக்கிற சைக்கிள்னா பெரும்பாலும் பேச்சே இல்ல. இதை எல்லாம் காசு கட்டுறதுக்கு முன்னாடி பாருங்க. சைக்கிளோட பின்பக்கத்தை ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனா அவங்களே சொல்லிடுவாங்க.

மாசச் சந்தா

மெஷின் ஒரு தடவைச் செலவு. ஆப் அப்படி இல்ல. ஸ்விஃப்ட் 2015ல மாசம் 10 டாலர், 2017ல 15, 2024ல 20. வருஷச் சந்தாவா கட்டினா 200 டாலர், 734 திர்ஹம் சொச்சம். மூணு வருஷத்துக்கு 2,200. அதாவது மெஷினை விட ஆப் விலை கூட.

இதோட ஏசி செலவை ஒப்பிட்டுப் பாருங்க, ஏன்னா வீட்டுல திட்டு விழுறது எப்பவும் ஏசிக்குத்தான். ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்குதுன்னு வைங்க. துபாய்ல தேவா முதல் படி 23 ஃபில்ஸ். மணிக்கு 35 ஃபில்ஸ், அதுமேல எரிபொருள் கூடுதல் கட்டணம் கொஞ்சம். மாசம் 20 மணி நேரம் ஓட்டினாலும் பத்து திர்ஹமை ஒட்டித்தான் வரும். ‘சில்லர் ஃப்ரீ’ பில்டிங்னா அதுவும் வீட்டு ஓனர் தலையில. ஸ்விஃப்ட் மாசச் சந்தா 73 திர்ஹம். அடுத்த தடவை அப்பா ரிமோட்டைத் தேடிக்கிட்டு வரும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்க.

இங்கதான் நம்ம ஊர்க் கதை ஒண்ணு வருது. மைவூஷ்னு ஒரு ஆப், அபுதாபில இருந்து வர்றது, முழுக்க இலவசம். உலக சைக்கிள் சம்மேளனத்தோட இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் 2020ல முதன்முதலா நடந்தப்போ அது ஸ்விஃப்ட்ல நடந்துச்சு, எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருந்து ஓட்டினாங்க. 2024ல அதே சாம்பியன்ஷிப் மைவூஷ்க்கு வந்துச்சு, இறுதிச் சுற்று அபுதாபிலயே, எல்லாரும் ஒரே இடத்துல, அக்டோபர் மாசம். ரெண்டு தடவையும் ஆண்கள் பிரிவுல ஜெயிச்சது ஒரே ஆள், ஜெர்மனிக்காரர் ஜேசன் ஆஸ்போர்ன். இவர் முன்னாடி படகு வலிக்கிற வீரர், டோக்கியோ ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கினவர்.

இலவசம்னா ஏன் இலவசம்னு கேக்கணும், டெக் பாட்காஸ்ட் நடத்திக்கிட்டு அதைக் கேக்காம விடக் கூடாது. என் வாசிப்பு இது: சைக்கிள் இந்த நாட்டுக்கு ஒரு முகவரி. டூர் டி பிரான்ஸ் ஜெயிக்கிற டீம் மேல நாட்டுப் பேரு, யுஏஇ டூர் 2019ல இருந்து, இப்போ ஸ்க்ரீனுக்குள்ளயும் ஒரு இடம். நம்ம 73 திர்ஹம் அவங்களுக்குப் பெருசு இல்ல. ஆனா உங்க எடை, இதயத்துடிப்பு, எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறீங்கங்கிறது எல்லாம் அந்த அக்கவுண்ட்ல இருக்கும், ஸ்விஃப்ட்லயும் அதே கதைதான். எந்த இலவசமும் ஒருநாள் நிக்கலாம். அதனால ஆப்பை நம்பி மெஷின் வாங்காதீங்க. மெஷின்ல எஃப்டிஎம்எஸ் இருக்கான்னு பாருங்க. 2017ல வந்த ப்ளூடூத் பொதுத் தரம் அது. இருந்தா எந்த ஆப்பும் மெஷினோட பேசும், நாளைக்கு ஆப் மாறினாலும் மெஷின் மாறாது. பழைய மெஷின்ல ஆன்ட் ப்ளஸ் மட்டும் இருக்கும், அதுக்கு லேப்டாப்ல ஒரு குட்டி யுஎஸ்பி டாங்கிள் வேணும். லேப்டாப் வச்சிருந்து படம் ஓடணும்னு ஆசை இல்லாதவங்களுக்கு கோல்டன் சீட்டா இருக்கு, ஓப்பன் சோர்ஸ், சல்லிக்காசு இல்ல, பாக்க எக்செல் ஷீட் மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

ஒரு குட்டி எச்சரிக்கை: ப்ளூடூத்ல மெஷினை ஒரு நேரத்துல பொதுவா ஒரு ஆப்தான் பிடிக்கும். தம்பி போன்ல திறந்து வச்சிட்டு ட்யூஷனுக்குப் போயிட்டான்னா உங்க லேப்டாப்புல மெஷின் தெரியாது. பாதிப் பேர் ‘மெஷின் ரிப்பேர்’னு அனுப்புற மெசேஜுக்கு இதுதான் பதில்.

வீட்டுல யார் ஏறுவாங்க

இதுவரை சொன்னது எல்லாம் ஒருத்தருக்கான கணக்கு. நம்ம ஃபிளாட்ல ஒருத்தர் இல்ல. ரெண்டு பெட்ரூம், அப்பா, அம்மா, தம்பி தங்கச்சி, வருஷத்துல மூணு மாசம் ஊர்ல இருந்து வர்ற பாட்டி.

நம்ம அப்பாக்கள்ல பல பேர் இங்க வந்த புதுசுல சைக்கிள் மிதிச்சவங்க. குரோசரி டெலிவரி, கேம்ப்ல இருந்து சைட்டு, வெள்ளிக்கிழமை தேராவுக்கு. பின்னாடி கேரியர், ஹேண்டில்ல தொங்குற பை. கார் வாங்கின அன்னைக்கு அந்த சைக்கிள் அவங்க வாழ்க்கையில இருந்து போச்சு, திரும்பிப் பாக்கவே இல்ல. இப்போ பையன் ரெண்டு மாசச் சம்பளத்தை மிச்சம் பிடிச்சு நகராத சைக்கிள் வாங்கிட்டு வந்து நடு ஹால்ல வச்சா அவர் முகம் எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். கிண்டல் பண்ணுவார். அந்தக் கிண்டலுக்குக் கீழ என்ன இருக்குன்னு கொஞ்சம் யோசிங்க.

அம்மா கதை வேற. உங்க அம்மாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம்னா, கேட்டுப் பாருங்க. 1991ல அறிவொளி இயக்கம் அங்க எழுத்தறிவோட சேர்த்து சைக்கிளும் கத்துக்குடுத்துச்சு. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேல கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி எழுதியிருக்கார். தண்ணி எடுக்க, குவாரி வேலைக்குப் போக, பஸ்ஸுக்கு யாரையும் எதிர்பாக்காம இருக்க. அப்படி ஓட்டின ஒரு பொண்ணு கல்யாணம் ஆகி ஷார்ஜாவுக்கு வந்து, 25 வருஷமா லிஃப்ட், கார், லூலூன்னு இருக்கிறது எவ்வளவு பெரிய நஷ்டம்னு நாம யோசிச்சதே இல்ல. ட்ராஃபிக், வெயில், ‘இந்த வயசுலயா’ங்கிற பேச்சு எதுவும் இல்லாம அவங்க திரும்பவும் பெடல் மிதிக்கக்கூடிய இடம், உங்க வீட்டு ஹால்.

சுகர் விஷயம் நம்ம ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு, நான் பெருசா சொல்ல வேண்டியது இல்ல. தெற்காசிய உடம்புக்கு எடை குறைவா இருக்கும்போதே சர்க்கரை வந்துடும், அதனாலதான் நமக்கு பிஎம்ஐ எச்சரிக்கை 25ல இல்ல, 23லயே ஆரம்பிக்குது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. கோடையில அதை எங்க போய்ச் செய்வாங்க? மாலுக்குள்ள நடக்கலாம், ஆனா அதுக்கு யாராவது கார்ல கூட்டிட்டுப் போகணும்.

இப்போ டைரக்ட் டிரைவ் மேல ஏத்தின உங்க ரோடு பைக்ல அம்மாவால ஏற முடியுமா? ட்ராப் ஹேண்டில், ஊசி மாதிரி சீட்டு, குறுக்க உயரமா ஒரு டியூப், நைட்டியோட. முடியாது. அப்பாவும் ஏற மாட்டார். அப்போ 1,500 திர்ஹம் போட்டது ஒருத்தருக்கு.

அதனால என் கட்சி: உங்க கிட்ட ஏற்கனவே நல்ல சைக்கிள் இருந்து, குளிர்காலத்துல அல் குத்ரால ஓட்டுறவரா இருந்தா, டைரக்ட் டிரைவ் வாங்குங்க, செகண்ட் ஹேண்ட்ல. இல்லன்னா, வீட்டுக்கு ஒண்ணுன்னு யோசிச்சா, காந்த எதிர்ப்பு உள்ள ஸ்பின் பைக். உல்லன் கட்டை உரசுற பழைய வகை வேண்டாம், தேஞ்சு தூள் கொட்டும், நாத்தம் வரும். சீட்டும் ஹேண்டிலும் லீவர்ல சட்டுனு ஏறி இறங்கணும், அஞ்சடி அம்மாவும் ஆறடி தம்பியும் ஸ்பேனர் தேடக் கூடாது. ப்ளூடூத் எஃப்டிஎம்எஸ் இருந்தா உங்களுக்கு மைவூஷ், அம்மாவுக்கு சீரியல். ரெண்டும் ஒரே மெஷின். ரோடு ஃபீல் இல்லன்னு சைக்கிள் நண்பர்கள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். வாரத்துக்கு நாலு பேர் ஏறுற மெஷின், ஒருத்தர் ஏறுற மெஷினை விட மலிவு.

ஒரே ஒரு நிபந்தனை. இன்சுலினோ, சுகரைச் சட்டுனு இறக்குற மாத்திரையோ எடுக்கிறவங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். ஏறுறதுக்கு முன்னாடி சுகர் பாக்கணும். பக்கத்துல ஜூஸ் இருக்கணும். நெஞ்சு வலி வரலாறு இருந்தா டாக்டர் சொல்லாம ஏறவே வேண்டாம். ரமலான்ல நோன்பு திறந்து ஒன்றரை, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஓட்டுங்க.

போறவங்க விக்கிறது

புதுசு வாங்காதீங்கன்னு ஏன் சொல்றேன்னா, இந்த ஊர்ல யாரும் நிரந்தரம் இல்ல. நாம இங்கயே பொறந்து, இங்கயே படிச்சு, அரபி போர்டை அர்த்தம் தெரியாமலே வாசிக்கிற ஆளுங்க, ஆனா நம்ம முகவரி ஒரு விசா கேன்சலேஷன் தூரத்துலதான் இருக்கு. பையன்களை அப்பா ஸ்பான்சர் பண்ற வயசு வரம்பு 2022ல 25 ஆச்சு. அதுக்கு அப்புறம் உங்க சொந்த வேலை, சொந்த விசா. அப்பாவோட கம்பெனி ஆள் குறைச்சா மூணு மாசத்துல வீடு காலி. 18 கிலோ மெஷினை ஊருக்கு கார்கோல அனுப்புறதுக்கு ஆகிற காசையும், அங்க கரண்ட் போகும்போது ஃபேன் இல்லாம ஓட்டுறதையும் நினைச்சுப் பாருங்க.

இந்த நிலையாமையோட மறுபக்கம்தான் நம்ம மார்க்கெட். ஸ்கூல் முடியுற ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்துல ஊரைக் காலி பண்றவங்க டூபிசில்ல எல்லாத்தையும் போடுவாங்க. நல்ல ட்ரெய்னரும் அதுல வரும், பெரும்பாலும் ரொம்ப ஓடாதது. பேரம் பேசலாம், ஆனா மனசாட்சியோட. அந்தப் பக்கம் நிக்கிறவர் வேலை போனவரா இருக்கலாம். இன்னைக்கு அவர், நாளைக்கு நாம. நீங்க வாங்கின விலைக்குக் கொஞ்சம் கீழ திரும்ப வித்துட்டா, அந்த ரெண்டு வருஷம் ஓட்டினதோட உண்மையான விலை அந்த வித்தியாசம் மட்டும்தான். புதுசுல பெட்டியைப் பிரிச்ச உடனே போற காசு அதை விடக் கூட.

பாக்கப் போகும்போது சைக்கிளை, குறைஞ்சது பின் அச்சோட அளவையாவது, கொண்டு போங்க. மெஷினை ப்ளக்ல போட்டு உங்க போன்ல இணைக்கச் சொல்லுங்க, விக்கிறவர் போன்ல இல்ல. பத்து நிமிஷம் மிதிங்க, கடைசில ஒரு நிமிஷம் பலமா. சீரான முனகல் பரவாயில்ல. டக் டக்னு தாளம் வந்தா பேரிங்கோ பெல்ட்டோ போயிருக்கு. மிதிக்கிறதை நிறுத்தினதும் ஃப்ளைவீல் தானா சுத்திச் சுத்தி மெதுவா நிக்கணும், உரசி நிக்கக் கூடாது. ஆப்ல ஃபர்ம்வேர் அப்டேட் இன்னும் வருதான்னு பாருங்க. பவர் அடாப்டர் ஒரிஜினலான்னு பாருங்க, அதுல 100–240 வோல்ட்னு இருக்கணும். அச்சு அடாப்டர் துண்டுகள், சின்ன ஸ்பேசர் வளையங்கள் எல்லாம் ஒரு ஜிப்லாக் பைல இருக்கான்னு கேளுங்க, பாதி வீட்டுல அது தொலைஞ்சிருக்கும், தனியா வாங்க நாய் பாடு. மடிக்கிற காலை மடிச்சு, திரும்ப விரிச்சுப் பாருங்க.

தூக்கும்போது ரெண்டு பேர் போங்க. ஃப்ளைவீல் பக்கம்தான் கனம், அதைப் பிடிக்கிறவர் முதல்ல லிஃப்டுக்குள்ள போகணும். சர்வீஸ் லிஃப்டை மட்டும்தான் எடுக்கணும்னு வாட்ச்மேன் சொன்னா வாக்குவாதம் வேண்டாம், காலையில அவர் கிட்டதான் ட்ராலி கேக்கப் போறீங்க.